மகிழுந்து வாங்குமுன் ஒரு கணக்கு

கோலகங்சாரில் முதிய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877-ஆம் ஆண்டில் அங்கு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் எஞ்சி நிற்பது அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் மகிழுந்துகள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. பேராக்கின் காடுகள் பல, ரப்பர்த் தோட்டங்களாக மாறின. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் முன்னோருள் பெரும்பாலோர் நடந்தோ மிதிவண்டியிலோதான் சென்றனர். பிறர் மகிழுந்தில் செல்ல உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தங்களுக்கென மகிழுந்து வாங்க விற்பனை நிலையத்தின் வாசலில் நிற்கின்றனர்.

இன்று மகிழுந்து பல குடும்பங்களுக்கு ஆடம்பரமன்று. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. வேலை நகரத்திற்குப் போய்விட்டது. இரவு வேலை முடிந்து வருபவருக்குப் பேருந்து கிடைப்பதில்லை. எனவே, மகிழுந்து வேண்டுமா என்பதைவிட எந்த மகிழுந்து வேண்டும் என்பதே இன்றைய கேள்வி. அக்கேள்விக்கு விடை காணும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

இரண்டு வாகனங்கள்

மலேசியர்களிடையே சிறிய எஸ்.யு.வி. வகை வாகனங்களுக்கு வரவேற்பு அதிகம். சாதாரண மகிழுந்தைவிட உயரமாக இருப்பதால், ஏறி இறங்குவதும் சாலையைப் பார்ப்பதும் எளிது. அரையாண்டு இடைவெளிக்குள் இவ்வகையில் இரண்டு உள்நாட்டு வாகனங்கள் அறிமுகமாயின. புரோட்டோன் எக்ஸ்50 அக்டோபர் 2020-இல் வந்தது. பேராக்கின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிமில் அது பொருத்தப்படுகிறது. பெரோடுவா அதிவா மார்ச் 2021-இல் வந்தது. அது சிலாங்கூரில் உருவாகிறது.

தீபகற்பத்தில், காப்புறுதி நீங்கலாக, அறிமுகத்தின்போது அதிவாவின் விலை 61,500 ரிங்கிட்டில் தொடங்கி 72,000 ரிங்கிட் வரை இருந்தது. எக்ஸ்50-இன் விலை 79,200 ரிங்கிட்டில் தொடங்கி 103,300 ரிங்கிட் வரை சென்றது. ஒன்று சிக்கனத்தை முன்வைத்தது. மற்றொன்று சொகுசை முன்வைத்தது. இப்பாடத்தில் வரும் கணக்குகள் எல்லாம் இந்த அறிமுக விலைகளைக் கொண்டே போடப்பட்டவை. விலைகள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு குடும்பத்தின் கதை

சுங்கை சிப்புட்டில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டி முன்பு பால் வெட்டியவர். அப்பா தொழிற்சாலை ஊழியர். மூத்த மகள் ஈப்போவிலுள்ள ஒரு மருத்துவமனையில் தாதி. பிடித்தம் போக மாதம் 3,200 ரிங்கிட் அவர் கைக்கு வருகிறது. சேமிப்பாக 11,000 ரிங்கிட் வைத்திருக்கிறார். தம்பி அடுத்த ஆண்டு ஈப்போவிலுள்ள உங்கு ஓமார் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேரவிருக்கிறான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவிற்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மகள் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். மழைக்காலத்தில் இரவு வேலை முடிந்து அவர் வீடு திரும்பும்வரை அம்மா தூங்குவதில்லை. ஆகவே, மகிழுந்து வாங்குவது என்று வீட்டில் முடிவாயிற்று.

விற்பனை நிலையத்தில் சிவப்பு நிற எக்ஸ்50 பளபளத்தது. அதன் உயர்ந்த வகையில் அகன்ற கண்ணாடிக் கூரை இருந்தது. 177 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் இருந்தது. மகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

“ஒன்பது வருசத்துக்குப் போட்டா கட்டிடலாம்பா,” என்றார் மகள்.

“கட்டிடலாம்மா. கட்டின பிறகு கையில என்ன மிஞ்சும்னு பார்த்தியா?” என்று கேட்டார் அப்பா.

அன்றிரவு மகள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார்.

முதற்கணக்கு: வசதிகள்

விலை உயர்ந்த வாகனத்தில் எல்லாமே கூடுதலாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். மகளும் அப்படித்தான் நினைத்தார். உயர்ந்த வகை எக்ஸ்50 விலை கூடினால், அதன் தொடக்க வகையையாவது வாங்கலாம் என்று எண்ணினார். தொடக்க வகை எக்ஸ்50-இன் விலை 79,200 ரிங்கிட். உயர்ந்த வகை அதிவாவின் விலை 72,000 ரிங்கிட். இடைவெளி 7,200 ரிங்கிட்தான்.

இரண்டு விளக்கக் கையேடுகளையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தபோது அவருக்கு வியப்பாக இருந்தது. அதிவாவின் எல்லா வகைகளிலும் 6 காற்றுப்பைகள் இருந்தன. தொடக்க வகை எக்ஸ்50-இல் 4 மட்டுமே இருந்தன. முன்னால் மோதும் ஆபத்து ஏற்பட்டால் தானாகவே நிறுத்தும் வசதி அதிவாவின் எல்லா வகைகளிலும் இருந்தது. எக்ஸ்50-இலோ 103,300 ரிங்கிட் விலையுள்ள உயர்ந்த வகையில்தான் இருந்தது. களைப்போடு இரவில் வீடு திரும்பும் ஒருவருக்குக் கண்ணாடிக் கூரையைவிட இவ்வசதி முக்கியம் அல்லவா?

எக்ஸ்50-க்கும் தனிச்சிறப்புகள் உண்டு. அதன் இயந்திரம் 1.5 லிட்டர், அதிவாவின் இயந்திரம் 1 லிட்டர், 98 குதிரைத்திறன். ஆள்களையும் சுமைகளையும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது இவ்வேறுபாடு நன்கு தெரியும். எக்ஸ்50-இன் அகலம் 1,800 மில்லிமீட்டர். அதிவாவின் அகலம் 1,710. பின்னிருக்கையில் பெரியவர்கள் மூவர் அடிக்கடி அமர்வார்களாயின் அந்த 90 மில்லிமீட்டர் பெரிய உதவி. ஆசியான் என்.சி.ஏ.பி. பாதுகாப்புச் சோதனையில் இரண்டும் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. இரண்டுக்கும் உத்தரவாதக் காலம் ஐந்தாண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். எனவே, எது நல்ல வாகனம் என்று கேட்பதில் பயனில்லை. எந்த வசதியை நாம் ஒவ்வொரு நாளும் பயன்படுத்துவோம் என்று கேட்பதே பயன் தரும்.

இரண்டாம் கணக்கு: தவணை

மகள் அடுத்து, உயர்ந்த வகைகள் இரண்டையும் ஒப்பிட்டார். விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி, மீதியை 9 ஆண்டுக் கடனாகப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, முழுக் கடன் தொகைக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி என்று கொள்வோம்.

அதிவா: முன்பணம் 7,200 ரிங்கிட். கடன் 64,800 ரிங்கிட். 9 ஆண்டு வட்டி 17,496 ரிங்கிட். மாதத் தவணை 762 ரிங்கிட்.

எக்ஸ்50: முன்பணம் 10,330 ரிங்கிட். கடன் 92,970 ரிங்கிட். 9 ஆண்டு வட்டி ஏறத்தாழ 25,102 ரிங்கிட். மாதத் தவணை ஏறத்தாழ 1,093 ரிங்கிட்.

விலைப்பட்டியலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 31,300 ரிங்கிட். முன்பணம், கடன், வட்டி எல்லாம் சேர்த்துக் கூட்டினால் அவ்வேறுபாடு ஏறத்தாழ 38,900 ரிங்கிட் ஆகிவிடுகிறது. கூடுதல் விலையைக் கடனாக வாங்கும்போது, அந்தக் கூடுதலுக்கும் நாம் வட்டி கட்டுகிறோம். இதை விலைப்பட்டியல் காட்டுவதில்லை.

“ஒன்பது வருசத்துக்குப் போட்டா கட்டிடலாம்” என்ற சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஆண்டுகள் கூடும்போது மாதத் தவணை குறைகிறது. மொத்தச் செலவோ கூடுகிறது. அதிவாவின் கடனையே 7 ஆண்டுகளில் கட்டி முடித்தால் மாதத் தவணை ஏறத்தாழ 933 ரிங்கிட் ஆகும். ஆனால், வட்டியில் 3,888 ரிங்கிட் மிச்சமாகும். ஈராண்டு முன்னதாகவே கடனும் தீரும்.

மூன்றாம் கணக்கு: அன்றாடச் செலவு

மகள் ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் என மாதம் 25 நாள் ஓட்டினால், 1,500 கிலோமீட்டர் ஆகும். அதிவா ஒரு லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர் ஓடும் என்றது அதன் நிறுவனம். உயர்ந்த வகை எக்ஸ்50-க்கு 100 கிலோமீட்டருக்கு 6.4 லிட்டர் தேவை என்றது அதன் நிறுவனம். 2021-இல் ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 2.05 ரிங்கிட். அதன்படி, அதிவாவுக்கு மாதம் ஏறத்தாழ 163 ரிங்கிட். எக்ஸ்50-க்கு 197 ரிங்கிட். நெரிசலான சாலைகளில் இரண்டுமே இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாகனம் வாங்குவோர் பலர், “பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?” என்பதையே முதலில் கேட்கின்றனர். இவ்விரு வாகனங்களுக்கும் பெட்ரோல் செலவில் உள்ள வேறுபாடு மாதம் 34 ரிங்கிட்தான். ஒன்பதாண்டுக் கடன் தவணையில் உள்ள வேறுபாடோ 331 ரிங்கிட். சிறிய செலவை நுணுக்கமாக ஆராய்ந்துவிட்டுப் பெரிய செலவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது, பானையின் ஓட்டையை அடைக்காமல் மூடியைத் தேடுவது போன்றது.

1 லிட்டருக்கு மேற்படாத இயந்திரம் என்பதால் தீபகற்பத்தில் அதிவாவுக்குச் சாலைவரி ஆண்டுக்கு 20 ரிங்கிட் மட்டுமே. எக்ஸ்50-க்கு அதைவிடக் கூடும். விலை உயர்ந்த வாகனத்திற்குப் பொதுவாகக் காப்புறுதிக் கட்டணமும் கூடும்.

முடிவு

மறுநாள் காலையில் மகள் அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினார். எக்ஸ்50 வாங்கினால், ஒன்பதாண்டுக் கடனாக இருந்தும் தவணைக்கும் பெட்ரோலுக்கும் மாதம் 1,290 ரிங்கிட் போகும். அது அவர் வருமானத்தில் நூற்றுக்கு 40 பங்கு. முன்பணம் கட்டியபின் சேமிப்பில் 670 ரிங்கிட் மிஞ்சும். முதலாண்டுக் காப்புறுதிக்குக்கூட அது போதாது. அதிவாவை ஏழாண்டுக் கடனில் வாங்கினால், தவணைக்கும் பெட்ரோலுக்கும் 1,096 ரிங்கிட். தம்பியின் பேருந்துச் செலவுக்கும் புத்தகங்களுக்கும் மாதம் 150 ரிங்கிட் கொடுத்தாலும், மொத்தம் 1,246 ரிங்கிட்தான். சேமிப்பில் 3,800 ரிங்கிட் மிஞ்சும்.

“அப்பா, பாட்டியையும் ஒருமுறை உட்கார வைத்துப் பார்க்கணும்,” என்றார் மகள்.

மூட்டுவலியுள்ள பாட்டி அதிவாவில் ஏறி அமர்ந்தார். இறங்கினார். மீண்டும் ஏறினார். “இது போதும்மா. குனியவும் வேணாம், தாவவும் வேணாம்,” என்றார்.

இதே கணக்கை வேறொரு குடும்பம் போட்டால் வேறு முடிவு வரலாம். வீட்டில் இருவர் சம்பாதிக்கின்றனர். பெரியவர்கள் ஐவர் மாதந்தோறும் கோலாலம்பூருக்குச் சென்று வருகின்றனர். முன்பணமாகப் பெருந்தொகை கட்டமுடியும். அத்தகைய குடும்பத்திற்கு எக்ஸ்50 பொருத்தமாக இருக்கலாம். அதில் தவறில்லை. அண்டை வீட்டார் வாங்கினார்கள் என்பதற்காக வாங்குவதுதான் தவறு.

தவணையின் இரு முகங்கள்

அந்தப் பாட்டியின் தலைமுறைக்கும் தவணை புதிதன்று. 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோகும் நிலையில் தொழிலாளர்கள் தவித்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று சேமிப்பை வலியுறுத்தினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்கள் தங்கள் சிறிய ஊதியத்திலிருந்து மிச்சம்பிடித்துப் பங்குகள் வாங்கினர். அடுத்த ஆண்டே அச்சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

அன்று சிறுகச் சிறுகக் கட்டிய பணம் நிலமாயிற்று. இன்று மகிழுந்துக்குக் கட்டும் தவணை அப்படியன்று. நிலம் நிலைக்கும், மகிழுந்து ஓட ஓட அதன் மதிப்புக் குறையும். ஆகவே, மகிழுந்துக்குத் தேவையானதைக் கொடுப்போம். அதற்குமேல் கொடுக்குமுன் ஒருமுறை கணக்குப் போடுவோம். அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ஒவ்வொரு வெள்ளிக்கும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தனர். கல்வி கற்ற நாம் அந்தக் கணக்கை மறக்கலாமா?

சிந்தித்து விடையளி

1. விலைப்பட்டியலில் 31,300 ரிங்கிட்டாக இருந்த வேறுபாடு, ஏறத்தாழ 38,900 ரிங்கிட்டாக உயர்ந்தது ஏன்?

2. அதிவாவின் கடன் தொகையை 5 ஆண்டுகளில் கட்டி முடித்தால் மாதத் தவணை எவ்வளவு? வட்டியில் எவ்வளவு மிச்சமாகும்? 9 ஆண்டுக் கடனுடன் ஒப்பிட்டுக் கணக்கிடுக.

3. நீ அந்த மகளின் நிலையில் இருந்தால் எந்த வாகனத்தைத் தேர்ந்தெடுப்பாய்? மூன்று காரணங்களுடன் விளக்குக.

4. உன் வீட்டில் தவணை முறையில் வாங்கிய பொருள் ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிக. அதன் விலையையும் கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.