கத்திரிக்கு முன்: கற்றாழையின் மஞ்சள் பால் வடியட்டும்

பங்குனி பிறந்துவிட்டது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இன்னும் சில வாரங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் சோற்றுக்கற்றாழை மோர் தொடங்கிவிடும். நல்ல பழக்கம்தான். ஆனால் போன கோடையில் அதே மோரைக் குடித்து வயிறு போய், நாக்கு வறண்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் சிகிச்சைக்கு ஓடி வந்தார்கள். இந்த வருஷம் அது வேண்டாம்.

மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் கசியும். அதை வடிக்காமல் சாப்பிடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று விற்பது இந்தப் பால் உறைந்ததுதான். கடும் பேதி மருந்து. இதிலுள்ள அலோயின் பெருங்குடலை முடுக்கி நீரை வெளியே தள்ளும். கூடவே பொட்டாசியமும் போகும். வேர்த்து வேர்த்து ஏற்கெனவே வற்றிய உடம்பு அதைத் தாங்குமா? அமெரிக்காவில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் இந்தப் பாலைச் சேர்க்க 2002-லேயே தடை போட்டுவிட்டார்கள்.

அடியில் முற்றிய மடலை வெட்டுங்கள். வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் நிறுத்துங்கள். முள் சீவி, பச்சைத் தோலை ஒட்ட நீக்குங்கள். உள்ளே இருக்கும் சோற்றைத் துண்டாக்கி ஏழு தண்ணீரில் அலசுங்கள். பாட்டிமார் சொன்ன ஏழு அது. மூன்றோடு நிறுத்திவிட்டு வாதாடாதீர்கள். துளி கசந்தாலும் கொட்டிவிடுங்கள். மோர், உப்பு சேர்த்து அன்றே குடித்து முடியுங்கள்.

தோலோடு மிக்ஸியில் போடுகிறவர்களே, எத்தனை முறை சொல்வது? தோலோடு அரைத்தால் மஞ்சள் பாலும் சேர்ந்துதான் அரைபடும். வடிகட்டினாலும் போகாது.

கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், சின்னக் குழந்தை, சிறுநீரக நோயாளி: உள்ளுக்கு வேண்டவே வேண்டாம். சர்க்கரை மாத்திரை, நீர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டபிறகு குடியுங்கள்.

மேலுக்குப் பூசவும் அலசிய சோறுதான். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். வெயிலில் சிவந்த தோலுக்கு இதம் தரும், வெயிலைத் தடுக்காது. திருமலைக்கு அலிபிரி படிகளில் வெறுங்காலோடு ஏறிக் கொப்புளம் உடைந்தால் அதில் பச்சை மடலைத் தேய்க்காதீர்கள், சீழ் பிடிக்கும். மாந்தோப்பு வேலியில் நிற்கும் ஆனைக்கற்றாழை வேறு செடி. அதன் சாறு பட்டாலே தோல் எரிந்து தடிக்கும்.

வயிறு போனால் கற்றாழையை உடனே நிறுத்தி ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். பிள்ளை துவண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தது, எப்போது குடித்தது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.