இறக்கிய மென்பொருள் அசல்தானா?

கோப்பின் பெயரையும் அளவையும் போலியாக அமைத்துவிடலாம். ஆனால் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ‘ஹேஷ்’ என்ற குறியீட்டை அப்படி எளிதில் போலியாக்க முடியாது. உள்ளே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் முழுக்க வேறாகிவிடும். நிறுவுவதற்கு முன் சரிபாருங்கள்.

● பல மென்பொருள்களின் அதிகாரப்பூர்வத் தளத்தில், பதிவிறக்க இணைப்புக்கு அருகே ‘ஷா-256’ என்று எண்ணும் எழுத்தும் கலந்த 64 குறிகள் கொண்ட ஹேஷ் தரப்பட்டிருக்கும். அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

● விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை அந்தச் சாளரத்துக்குள் இழுத்துப் போட்டு என்டரை அழுத்துங்கள். லினக்ஸில் ‘ஷா256சம்’ கட்டளை.

● தளத்தில் நகலெடுத்த ஹேஷையும் கட்டளை காட்டிய ஹேஷையும் நோட்பேடில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, கடைசிவரை ஒப்பிடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். மற்றபடி ஒரு குறி மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் இறக்குங்கள்.

● எம்டி5, ஷா-1 இரண்டும் உடைக்கப்பட்ட பழைய முறைகள். ஷா-256 இருந்தால் அதையே நம்புங்கள்.

● எங்கிருந்தோ வந்த கோப்பா? அதன் ஹேஷை வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுங்கள். கோப்பை அனுப்பாமலே, ஏற்கெனவே ஆராயப்பட்டதா என்று தெரிந்துவிடும். விவரம் எதுவும் வராவிட்டால் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள்.

● 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பையே போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளமே ஊடுருவியவர்கள் கைக்குப் போனால் அங்குள்ள ஹேஷும் மாற்றப்படலாம். டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் அதையும் அவசியம் சரிபாருங்கள்.