வேடத்திற் புண் காட்டல்

நாடகத்தில் அரசனை மணிமுடி காட்டும். முனிவனைச் சடை காட்டும். புண்பட்டவனைக் காட்டுவது யாது? செந்நிறம் என்பர் பலர். அவ்விடை முற்றும் பொருந்தாமையையும், மேற்கொள்ளத்தக்க முறையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மீஞ்சூர், பழவேற்காடு முதலிய ஊர்களை உள்ளிட்ட தொண்டை நாட்டில், திரௌபதையம்மன் விழாக்களிற் பாரதக் கூத்து நிகழ்வதுண்டு. அதன் இறுதியில் வருவது படுகளம். துரியோதனனுடைய பேருருவத்தைக் களிமண்ணால் தரையிற் கிடத்தி அமைத்து, அதன் தொடையினுட் செந்நீரை வைப்பர். வீமன் வேடம் புனைந்தவர் அத்தொடையை அடிக்க, திரௌபதை அச்செந்நீரைத் தடவித் தன் விரிந்த கூந்தலை முடிப்பாள். உருவம் முழுதும் சிவப்புப் பூசாது தொடையில் மட்டும் அதனை வைத்தமை கருதத்தக்கது. அவையிலே தன் தொடையைக் காட்டித் திரௌபதையை இழித்தவன் துரியோதனன். வீமன் சூளுரைத்ததும் அத்தொடையைக் குறித்தே. ஆகவே, அப்புண் கதை முழுவதையும் ஓரிடத்தில் நின்று சொல்லுகின்றது.

இதனின்று நாம் கொள்ளும் விதி யாது? வண்ணத்தைத் தொடுமுன், இப்புண் எதனால் உண்டாயிற்று, எப்பொழுது உண்டாயிற்று, உடல் எதனை இழந்தது என்னும் மூன்றனையும் வினவுதல் வேண்டும்.

ஏரியில் வலை வீசும் ஒருவரைத் திருக்கைமுள் குத்தியதாகக் கொள்வோம். புண்ணின் வாய் சிறிது, நோவோ பெரிது. ஆதலின் குருதியைச் சிறிதே காட்டிச் சுற்றிலும் வீக்கத்தைக் காட்டுக. அவர் காலை நிலத்தில் ஊன்றார். இரு கையாலும் கணைக்காலைப் பற்றுவார். உடையின் கீழ்ப்புறம் நனைந்திருத்தல் வேண்டும். நீரில் நின்றவர் ஆடையிற் குருதி கரைந்து வெளிறும். உலர்ந்த வேட்டியிற் கொழுஞ்சிவப்பைக் கொட்டினால், மீனவர் அவையில் நகைப்பே எழும்.

உடையின் கிழிசலும் புண்ணும் ஒரே நேரில் அமைக. குருதி கீழ்நோக்கியே வழியும். புதியது செம்மையாகவும், பழையது கருமை கலந்த பழுப்பாகவும் தோன்றும்.

இனிப் பொருள்களைக் கூறுவாம். கெட்டியான சர்க்கரைப் பாகில் உணவுக்குரிய செந்நிறத்தையும் சிறிது கோக்கோப் பொடியையும் கலந்தால் குருதி போலாகும். மாப்பசையிற் பஞ்சைத் தோய்த்துத் தோல்மேற் படியவைத்து, உலர்ந்தபின் நடுவே பிளந்தால் புண்ணின் விளிம்பு உயர்ந்து தோன்றும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேரினும் சிவக்கும். எனினும் சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் அரிக்குமாதலின் முகத்தில் இடலாகாது. வேடத்திற்கு வண்ணமிடுதலை 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரமோ ஆர்செனிக் என்னும் நஞ்சுடைய கனிப்பொருள்; சாதிலிங்கமோ பாதரசமுடையது. முன்னோர் வழங்கிய சொல்லைப் போற்றுவோம், அப்பொருளை விலக்குவோம்.

இக்கலை நாடகத்தோடு நிற்பதன்று. 1942-ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் 'காஷுவல்ட்டீஸ் யூனியன்' என்னும் சங்கம் தோன்றிற்று. போர்க்காலத்தில் இடிபாடுகளிற் சிக்கியோரை மீட்கும் பயிற்சிக்காக, அதன் உறுப்பினர் காயமுற்றோராக வேடமிட்டு நடித்தனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய கரைகளுள் பழவேற்காட்டுக் கரையும் ஒன்று. அத்தகைய கரையில் நிகழும் மீட்புப் பயிற்சியில் வேடம் பிழைபடின் பாடமும் பிழைபடும்.

அஃது எங்ஙனம் எனின், அலறுபவனுக்கு மூச்சு உண்டு. முகம் வெளிறி, நெற்றி வியர்த்து, வாய் பேசாது கிடப்பவனுக்கோ உள்ளே குருதி பெருகிக்கொண்டிருக்கலாம். அவனைக் காட்டச் சிவப்பு ஒரு துளியும் வேண்டா. சிறிது வெண்பொடியும், கிளிசரின் கலந்த நீர்த்துளிகளும், அடங்கிய குறுமூச்சும் போதும். அத்தகைய வேடம் ஒன்றேனும் இல்லாத பயிற்சி, சிவப்பைக் கண்டு ஓடவும் வெளிறியவனைக் கடந்து செல்லவுமே கற்பிக்கும். மெய்யான இடர் வரும் நாளில் அதற்கு ஓர் உயிர் விலையாகும்.

மற்றொன்றும் மறவற்க. நடிப்போர்க்கு மெய்யாகவே நோவுண்டாயின், அதனைத் தெரிவிக்க ஒரு சொல்லை முன்னரே வகுத்துக்கொள்க. பொய்ப்புண் காட்டப் புகுந்து மெய்ப்புண் கொள்ளலாகாது.

ஆதலின் மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி மேடையிலாயினும் முதலுதவிப் பயிற்சியிலாயினும், வண்ணக் கிண்ணத்தை எடுக்குமுன் புண்ணின் வரலாற்றை வினவுங்கள். விடை கிடைத்தபின் வண்ணம் சிறிதே வேண்டப்படும்.