தனியா இருக்கிறது வேற, தனிமை வேற



இன்னைக்கு ஒரு சின்னப் பாடம். கொரோனா காலத்தில் நாம அதிகமா கேட்ட ரெண்டு வார்த்தை, அப்போ அதிகமா தேவைப்பட்ட ஒரு வார்த்தை. இடைவெளி, தனிமை, துணை. அதெல்லாம் முடிஞ்ச கதைதானேன்னு தள்ளிடாதீங்க. ஹாஸ்டல் அறையில் தனியா உட்கார்ந்து இதைப் படிக்கிற சிலருக்கு அந்தப் பதற்றம் இன்னும் முடியலை.

1. இடைவெளி

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. எங்கே பார்த்தாலும் "சமூக இடைவெளி" என்றே எழுதியிருந்தது. ஆனால் மார்ச் 20 அன்றே உலக சுகாதார நிறுவனம், "உடல் இடைவெளி" என்று சொல்வதே சரி என்றது. விலகி நிற்க வேண்டியது உடம்பு மட்டும்தான், உறவு இல்லை. இந்த வித்தியாசம் நம்மில் பல பேருக்குப் புரியவே இல்லை.

2. தனிமை

நோய்க்காக ஒருவரைத் தனியா வைக்கிறதையும் "தனிமைப்படுத்தல்" என்றோம். மனசு வெறிச்சோடிக் கிடக்கிறதையும் "தனிமை" என்கிறோம். ரெண்டும் ஒன்றில்லை. முதலாவது ஓர் ஏற்பாடு. ரெண்டாவது ஓர் உணர்வு.

அந்த உணர்விலும் ரெண்டு வகை உண்டு என்று ராபர்ட் வைஸ் என்ற ஆய்வாளர் 1973-லேயே எழுதினார். நெருக்கமா ஒருத்தர் இல்லாத தனிமை ஒன்று. நமக்கென்று ஒரு கூட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை நிரப்ப முடியாது. அம்மா, அப்பா பக்கத்திலேயே இருந்தும் அப்போ சிலர் வாடிப்போனதுக்கு இதுவும் ஒரு காரணம். 2020 நவம்பரில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் பக்தர்கள் இல்லாமலே நடந்தது. டிவியில் முருகனைப் பார்த்தோம், ஆனா பக்கத்தில் தோள் உரச நிற்கிற கூட்டம் இல்லையே!

தனிமை நீண்டால் மனசு எந்நேரமும் காவல் நிற்கும். தூக்கம் கெடும். நண்பன் பதில் போட லேட் ஆனா, "என்னைப் பிடிக்கலை போல"ன்னு தோணும். உடனே நாமே ஒதுங்குவோம். தனிமை இன்னும் கூடும். தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் சுமார் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. இளைஞர்களையும் பெண்களையும் அது அதிகமா பாதித்தது.

3. துணை

வண்டிக் கண்ணாடியில் "முருகன் துணை"ன்னு ஒட்டுறோம். துணைன்னா என்ன? கோஹன், வில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-ல் நாலு வகையா பிரிச்சாங்க. பொருளாகச் செய்யும் உதவி, சரியான தகவல், கூட இருந்து பொழுதைப் பகிர்தல், "நீ எனக்கு முக்கியம்" என்ற மதிப்பு. கஷ்டம் வரும்போது, கேட்டால் ஒருத்தர் வருவார் என்ற நம்பிக்கையே பாதி அடியைத் தாங்கிக்கொள்ளும்.

எனக்குத் தொற்று வந்து மாடி அறையில் தனியா கிடந்தப்போ, கீழ்வீட்டு அக்கா படியில் ரசம் சாதம் வெச்சுட்டுப் போவாங்க. ஆனா ராத்திரி கீழிருந்து, "தம்பி, இன்னும் லைட் எரியுதே, தூக்கம் வரலையா?"ன்னு கேட்பாங்க பாருங்க, அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க வெச்சது. நான் முழிச்சிருக்கிறது ஒருத்தருக்குத் தெரியுது!

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளில் அந்த நாலு வகையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரா ஒரு பெயர் போடுங்க. எங்கே காலியா இருக்கோ, அங்கேதான் ஆள் தேடணும். அப்புறம், யாருடைய தாளில் உங்க பெயர் இருக்கும்னு யோசிங்க. அவங்களுக்கு ஃபார்வர்டு அனுப்பாம, போன் போட்டுப் பேசுங்க.

பதற்றம் ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சு, தூக்கமும் படிப்பும் கெட்டால் 14416-க்குக் கூப்பிடுங்க. அது அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். விளக்கேத்திக் கும்பிடுங்க, டாக்டரையும் பாருங்க. உதவி கேட்கிறது பக்திக்குக் குறைச்சல் இல்லை. முருகன் துணை பல நேரம் மனுஷ உருவத்தில்தான் வருது.

முருகா சரணம்.