ராணுவ அகாடமி: எந்த வயதில், யார் கையால்?

மும்பை கோவண்டியில் பிள்ளையை ராணுவ அதிகாரியாகப் பார்க்க ஆசைப்படும் குடும்பத்துக்கு வாசல்கள் ரொம்பத் தூரத்தில் இல்லை. நாட்டின் முதல் சைனிக் பள்ளி சாத்தாராவில் இருக்கிறது, 1961இல் தொடங்கியது. புணேயை ஒட்டிய கடக்வாஸ்லாவில் என்டிஏ என்று எல்லோரும் சொல்லும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. அவுரங்காபாத் என்று இருந்த சத்ரபதி சம்பாஜிநகரில் என்டிஏவுக்குப் பயிற்சி தரும் மாநில அரசு நிறுவனமான எஸ்பிஐ. கொஞ்சம் தள்ளிப் போனால் டேராடூனில் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியான ஆர்ஐஎம்சி, சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓடிஏ. இவற்றில் எதற்கு முயல்வது என்ற பேச்சு வந்ததும், சின்ன வயதிலேயே சேர்த்துவிட்டால் வழி சுலபம் என்ற நினைப்பில் பெற்றோர் வயது குறைந்த வாசலைத்தான் முதலில் தேடுகிறார்கள். என் கருத்து வேறு. வயது வரம்பு ஒரு கணக்கு. அதை ஒரு மாலையில் போட்டுவிடலாம். எந்த வயதில் பிள்ளை தன் விண்ணப்பத்தைத் தானே சுமக்கும் என்பதுதான் வாசலைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த வயது பத்து அல்ல, பதினாறு பதினேழு.

சின்ன வயது வாசல்களை முதலில் பார்ப்போம். சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று வயது 10க்கும் 12க்கும் இடையில் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு 13க்கும் 15க்கும் இடையில். ஆர்ஐஎம்சியில் எட்டாம் வகுப்புக்குச் சேர்க்கிறார்கள், பதினொன்றரையிலிருந்து 13 வரை. ஒரு பருவத்துக்குச் சுமார் 25 பேர்தான் என்பதால் ஒரு மாநிலத்துக்கு ஓரிரு இடமே கிடைக்கும். மகாராஷ்டிர மாணவர்களுக்கு ஆர்ஐஎம்சி நுழைவுத் தேர்வைப் புணேயில் உள்ள மாநிலத் தேர்வு மன்றமும், தமிழ்நாட்டு மாணவர்களுக்கு டிஎன்பிஎஸ்சியும் நடத்துகின்றன. இரண்டு வாசலுக்கும் டொமிசைல் எனும் இருப்பிடச் சான்று வேண்டும். மகாராஷ்டிராவில் அதற்குப் பதினைந்து ஆண்டு வசித்ததைக் காட்டியாக வேண்டும். வீடு மாறி, குடிசை இடிபட்டு, ரேஷன் கார்டில் விலாசம் மாறிப்போன குடும்பங்களுக்கு இதுவே பெரிய அலைச்சல். பத்து வயதுப் பிள்ளை இதில் செய்ய ஒன்றுமில்லை. படிவம், பயிற்சி வகுப்பு, ஆசை எல்லாமே அப்பா அம்மாவுடையவை. இதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சாத்தாராவில் ஏழு ஆண்டு படித்தவரும் ஆர்ஐஎம்சியில் படித்தவரும் பன்னிரண்டாம் வகுப்பில் யுபிஎஸ்சி நடத்தும் அதே என்டிஏ தேர்வைத்தான் எழுதுகிறார்கள். அங்கே படித்ததற்காக ஒரு இடமும் ஒதுக்கிவைக்கப்படவில்லை. கோவண்டி ஜூனியர் காலேஜ் பிள்ளையும் அவர்களும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளைப் பிரிக்கிறார்கள்.

அந்த என்டிஏ கணக்குக்குள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தேர்வு ஆண்டுக்கு இரண்டு, ஏப்ரலிலும் செப்டம்பரிலும். ஏப்ரல் தேர்வில் தேறியவர்களுக்குப் பயிற்சி அடுத்த ஜனவரியில், செப்டம்பர் தேர்வில் தேறியவர்களுக்கு அடுத்த ஜூலையில். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாலே எழுதலாம். பதினொன்றில் எழுத முடியாது. ஆகவே கீழ்வரம்பு யாரையும் அதிகம் தடுப்பதில்லை, மேல்வரம்புதான் கடிக்கும். 2026 பிப்ரவரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2008 ஆகஸ்ட் 15இல் பிறந்தவர். அவருக்கு 2025 செப்டம்பர், 2026 ஏப்ரல், 2026 செப்டம்பர், 2027 ஏப்ரல் என நான்கு வாய்ப்பு. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் ஊரில் ஒரு வருடம், இங்கே ஒரு வருடம் என்று அலைந்ததில் ஒரு ஆண்டு தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவர். 2007 ஆகஸ்ட் 15. அவருக்கு முதல் இரண்டு தேர்வோடு கதவு சாத்தப்படுகிறது. ஒரே ஒரு ஆண்டுத் தாமதம் வாய்ப்பில் பாதியைத் தின்றுவிட்டது. ஊர் மாறி வந்த குடும்பங்களில் இந்த இரண்டாமவரைப் போன்றவர்கள் நிறைய.

பிறந்த தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. யுபிஎஸ்சி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதியை மட்டுமே ஏற்கும். ஜாதகம், நோட்டரி பிரமாணப் பத்திரம், மாநகராட்சிப் பிறப்புப் பதிவு எதுவும் செல்லாது என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. விண்ணப்பித்த பிறகு மாற்றவும் விடமாட்டார்கள். பள்ளியில் சேர்க்கும்போது சௌகரியத்துக்காக யாரோ ஜூன் 1 என்று எழுதிவிட்ட தேதி, பத்தாண்டு கழித்து ஒரு வாய்ப்பைப் பறிக்கலாம்.

சரி, பிள்ளைதான் சுமக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண்: கணக்கு 300, பொதுத் தாள் 600. அதற்குச் சமமாக, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்எஸ்பி நடத்தும் நேர்காணலுக்கும் 900. ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வில் பயிற்சி வகுப்பு கொடுத்த விடை நிற்காது. திரையில் ஒரு சொல் வரும். 15 விநாடிக்குள் மனதில் பட்ட வாக்கியத்தை எழுத வேண்டும். இப்படி 60 சொல். பிறகு தன்னைப் பற்றிய குறிப்பு: உன் பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர் என்ன நினைக்கிறார், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ உன்னை எப்படிப் பார்க்கிறாய் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். தானாக எந்த முடிவும் எடுத்துப் பழகாத பிள்ளை கடைசிக் கேள்வியில் திணறிப்போகும். அப்பா சொன்னார், வந்தேன் என்பது எழுத்தில் தெரியும், நேர்காணலில் இன்னும் நன்றாகத் தெரியும். அதற்கு முன்பே ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் இணையதளத்தில் தாமாகவே மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரரின் மின்னஞ்சலையும் அவர் கைபேசி எண்ணையும் கொடுத்து விண்ணப்பித்த பிள்ளைக்கு அந்தச் செய்தி யார் வழியாக, எப்போது வந்து சேரும்?

பதினாறு பதினேழு வரை பொறுக்கலாம் என்ற என் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மொழி. சைனிக் பள்ளி ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். என்டிஏ தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது, ஆங்கில அறிவுக்கென்றே 200 மதிப்பெண். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பத்து வயதில் திறக்கும் வாசல்தான் அதன் மொழியில் பேசுகிறது. அதோடு ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு மைதானமும் நூலகமும் வேளாவேளைக்குச் சாப்பாடும் பெரிய விஷயம். ஒப்புக்கொள்கிறேன். தமிழ் வழியில் படித்து, விளையாட்டில் ஓடி, விடுதிக்குப் போகத் தானே ஆசைப்படும் பிள்ளைக்கு சாத்தாரா சரியான வாசல். ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்துக்கு மேல் என்பதால் வருமானத்தை ஒட்டிக் கிடைக்கும் உதவித்தொகையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். விடுதி வேண்டாம் என்று அழும் பிள்ளையை அனுப்புவது வேறு விஷயம். அந்தக் குடும்பம் பத்தாம் வகுப்பு வரை பொறுத்து, ஆங்கிலத்தை இங்கேயே கட்டியெழுப்பி, எஸ்பிஐக்கு முயலலாம். பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கும் இரண்டு ஆண்டும் என்டிஏவுக்கென்றே அங்கே பயிற்சி தருகிறார்கள். அந்த வயதில் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையே சொல்லும்.

பதினேழு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டால் ஏமாந்துபோகாதா என்று கேட்பவர்களும் உண்டு. தனியே விடச் சொல்லவில்லை. விதிகளே வேலையைப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. 18 நிரம்பாதவருக்கு எஸ்எஸ்பியில் பெற்றோர் கையெழுத்திட்ட பொறுப்புச் சான்று வேண்டும். அகாடமியில் சேரும்போது, சொந்தக் காரணத்தால் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவோம் என்ற பத்திரத்திலும் பெற்றோர் கையெழுத்து உண்டு. அரசுச் சான்றுகளுக்கு விண்ணப்பிக்கும் சேது கேந்திராவில் வரிசையில் நிற்பது, பள்ளிப் பதிவேட்டில் பெயரின் எழுத்தைத் திருத்துவது, தாசில்தார் அலுவலகம் போவது எல்லாம் அம்மா அப்பா வேலை. கடைசித் தேதி, படிவம், கடவுச்சொல், ரயில் முன்பதிவு ஆகியவை பிள்ளையின் வேலை. முதல் முறை எஸ்எஸ்பிக்குப் போகிறவருக்கு மூன்றடுக்கு ஏசி ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதற்கான பயணச்சீட்டைப் பத்திரப்படுத்துவதும் பிள்ளையின் வேலைதான்.

பெண் பிள்ளைகளுக்கும் இந்த என்டிஏ வயதுக் கணக்கு அப்படியே பொருந்தும். உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பிறகு என்டிஏ திறந்தது. முதல் அணியின் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமான 100 ரூபாயும் கிடையாது. என்டிஏ சேர்க்கையில் சாதி ஒதுக்கீடு இல்லை. தாத்தாவின் தமிழ்நாட்டுச் சாதிச் சான்று மகாராஷ்டிராவில் செல்லுமா என்று அலைகிற கவலை இந்த வாசலில் இல்லை.

இரண்டே வாய்ப்பு உள்ளவர் இரண்டிலும் தவறினாலும் பாதை முடிந்துவிடுவதில்லை. பட்டம் முடித்துவிட்டு யுபிஎஸ்சியின் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வான சிடிஎஸ் எழுதினால் பரங்கிமலை ஓடிஏவுக்கு 25 வயது வரை நேரம் இருக்கிறது. கல்லூரியில் என்சிசி சி சான்று வாங்கியவருக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரே எஸ்எஸ்பிக்குப் போகும் வழியும் உண்டு. இப்போது ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் படிவம் போவதற்கு முன் பள்ளிக்குப் போய், பதிவேட்டில் பிறந்த தேதியும் பெயரும் ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள். அன்றைக்கே பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கட்டும், கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கட்டும்.