முதல் மழைக்கு முன் ஊர் வகுக்க வேண்டிய விதிகள்

வானத்திலிருந்து விழும் மழைநீர் தூய்மையானது. எனினும் அது தரையைத் தொட்டு ஓடத் தொடங்கியதும் அத்தூய்மை நிலைப்பதில்லை. கூரை, மாட்டுக் கொட்டில், கடைவாசல், தெரு ஆகிய எல்லா இடங்களிலும் கிடப்பனவற்றை வாரிக்கொண்டு அது ஓடைக்கும் குளத்திற்கும் செல்கிறது. ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் சேருகிறது. இருபத்தைந்து ஏக்கர் குடியிருப்புள்ள ஒரு சிற்றூருக்கு இது பத்து லட்சம் லிட்டராகும். இவ்வளவு நீரும் ஊரைக் கழுவிக்கொண்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதை ஒவ்வோர் ஊராட்சியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் ஓடைகளின் வழி

பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம் பகுதியின் நிலங்களைக் கடந்து குடகனாற்றைச் சேருகின்றன. குடகனாறு வடக்கு நோக்கி வேடசந்தூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. நம் ஊரின் கழிவு நம் எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆண்டின் பெரும் பகுதியில் இந்த ஓடைகள் வறண்டே கிடக்கின்றன. இதனால் பலரும் அவற்றைக் குப்பை கொட்டும் புறம்போக்காகக் கருதிவிடுகின்றனர். பல மாதங்களாகச் சேர்ந்த சாணமும், இறைச்சிக் கழிவும், பழைய எண்ணெயும், நெகிழிப் பைகளும் வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளத்தில் ஒரே நாளில் கரைந்து செல்கின்றன. முதல் மழையின் நீரே மிகவும் மாசுடையது என்பதற்குக் காரணம் இதுதான்.

நம் பகுதியின் நிலத்தடி பெரும்பாலும் கடினப் பாறையாகும். மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலுமே நீர் தேங்குகிறது. வெடிப்பின் வழியே இறங்கும் நீர், மணலில் வடிவதுபோல் வடிகட்டப்படுவதில்லை. ஆகவே ஓடையில் இட்டது கிணற்றுக்கு வந்து சேர நெடுநாள் வேண்டியதில்லை. சாணத்திலும் உரத்திலும் உள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. அளவு மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்க்காற்றை ஏந்தும் ஆற்றலை இழக்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் நீங்குவதில்லை.

திண்டுக்கல் தந்த பாடம்

மாசுபட்ட நிலத்தடி நீரை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு நாம் வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் நிலத்திலும் ஓடைகளிலும் விடப்பட்டது. கிணறுகள் உப்பேறின, விளைநிலங்கள் பயனிழந்தன. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்துவோரே இழப்பை ஈடு செய்தல் வேண்டும் என்றும், கேடு நேருமுன் தடுத்தலே கடமை என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. தீர்ப்பு வந்தது, கெட்ட கிணறோ உடனே நன்னீர் ஆகிவிடவில்லை. அங்கே கேடு விளைத்தது ஆலைக் கழிவு. நம் ஊர்களில் அதைச் சிறு சிறு அளவில் செய்வோர் நாம் அனைவருமே.

சட்டம் சொல்வது

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ‘ஓடை’ என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் நம் உறுப்பினர்கள் மனத்தில் இருத்தத்தக்கது. நீர் ஓடிக்கொண்டிருப்பினும், அப்போதைக்கு வறண்டிருப்பினும் அது ஓடையே. நிலத்தடி நீரும் அவ்விளக்கத்தில் அடங்கும். அத்தகைய ஓடையிலோ கிணற்றிலோ நச்சுப் பொருளையும் மாசுப் பொருளையும் அறிந்தே சேர்ப்பதை அச்சட்டம் தடை செய்கிறது. வடிகால் அமைப்பதும், கழிவுநீரை அகற்றுவதும், தெருக்களைத் தூய்மை செய்வதும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமைகளாகும்.

பிற நாடுகளும் இவ்வழியை நாடியுள்ளன. அமெரிக்க நாட்டில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் முதலில் ஆலைக் குழாய் போன்றவற்றின் மீதே பெரிதும் கவனம் செலுத்தியது. தெருவிலிருந்தும் கடைவாசலிலிருந்தும் ஓடும் மழைநீரும் ஆறுகளைக் கெடுப்பது தெரிந்ததும், 1987இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் அங்குள்ள உள்ளாட்சிகள் மழைநீர் வடிகாலில் வேறு எதையும் விடலாகாது எனத் தத்தம் எல்லைக்குள் விதிகள் வகுத்தன.

ஊர் வகுக்கத்தக்க விதிகள்

விதிகள் சிலவாகவும், எவரும் புரிந்துகொள்ளத் தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். பின்வருவனவற்றைக் கிராம சபையின் முன் வைக்கலாம்.

1. மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டுமே செல்லவேண்டும். குளியல், சமையல் நீரை உறிஞ்சுகுழியிலோ வாழை, தென்னைப் பாத்தியிலோ விடுக. கழிப்பறைத் தொட்டியின் நீரை வடிகாலில் இணைத்தல் கூடாது.

2. எருக்குழி கிணற்றுக்கும் ஓடைக்கும் ஐம்பது அடிக்குக் குறையாத தொலைவில் இருக்கட்டும். சுற்றிலும் வரப்பும், மழைக்காலத்தில் மேலே ஓலை மறைப்பும் வேண்டும்.

3. வாகனம் பழுது பார்க்கும் பட்டறைகள் பழைய எண்ணெயைத் தட்டில் பிடித்து, மூடிய பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்றவரிடம் கொடுக்கவேண்டும். தரையில் சிந்தியதை மரத்தூள் இட்டு எடுக்கவேண்டும். நீர் விட்டுக் கழுவலாகாது.

4. இறைச்சிக் கடை, கோழிப்பண்ணை, உணவுக்கடை ஆகியவற்றின் கழிவு மூடிய தொட்டியில் இருக்கவேண்டும். கழுவிய நீர் தெருவுக்கு வரலாகாது.

5. உரமும் பூச்சிமருந்தும் மழை படாத மேடான தளத்தில் வைக்கப்படவேண்டும். மழை வரும் அறிகுறி தெரியும்போது தெளிக்கலாகாது. தெளிப்பானைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவாமல், அந்நீரைத் தெளித்த வயலிலேயே விடுக.

6. வீடு கட்டுவோர் மண்ணையும் மணலையும் சிமெண்டையும் வடிகாலின் ஓரத்தில் குவிக்கலாகாது.

7. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு உள்ள வீடுகளில், முதல் மழைநீரை வெளியே திருப்பிவிட்டு, அடுத்து வரும் நீரையே கிணற்றில் விடவேண்டும்.

நடைமுறைப்படுத்தும் வகை

விதி எழுதுவது எளிது, காப்பதே கடினம். முதலாவதாக, ஊராட்சியே அதற்கு உட்படல் வேண்டும். ஊராட்சியின் குப்பை ஓடைக்கரையில் கொட்டப்படுமானால், கடைக்காரரைக் கண்டிக்கும் தகுதி உறுப்பினருக்கு இராது. ஆகவே அந்தக் கிடங்கை இடம் மாற்றுவதே முதல் வேலை.

இரண்டாவதாக, ஊரின் வடிகால்கள் எங்கே தொடங்கி எந்த ஓடையில் முடிகின்றன என்பதை ஒரு தாளில் வரைந்து, வழியிலுள்ள கொட்டில்களையும் பட்டறைகளையும் கடைகளையும் குறிக்கவேண்டும். இதற்கு ஒரு நாள் நடை போதும்.

மூன்றாவதாக, உதவி முன்னும் தண்டனை பின்னும் வருதல் நன்று. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழையிடம் எருக்குழிக்கு இடம் இல்லையெனில், சிலர் சேர்ந்து பொதுக்குழி அமைக்க ஊராட்சி வழி செய்யவேண்டும். வசதி இருந்தும் மீண்டும் மீண்டும் மீறுவோர்மேல்தான் நடவடிக்கை தேவை. மீறியவர் செல்வாக்குள்ளவரா என்று பார்த்து விதியைத் தளர்த்தினால், மறுநாளே அது செத்த எழுத்தாகிவிடும். ஆலைக் கழிவு போன்ற பெரிய கேடுகளை ஊராட்சி தானே தீர்க்க முயலாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்.

‘இவ்வளவும் விவசாயிக்கு வீண் சுமை அல்லவா?’ என்று சிலர் கேட்கலாம். மழை அடித்துச் செல்லும் சாணம் வயலுக்குச் சேரவேண்டிய உரம். ஓடையில் கரையும் யூரியா கைப்பணம் கொடுத்து வாங்கியது. அவற்றைக் காப்பவர் தம் பொருளையே காக்கின்றார்.

ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபையில் விதிகளைப் படித்து விவாதிக்கலாம். செப்டம்பரில் வடிகால்களைத் தூர் வாரி, ஓடைக்கரைகளைச் சுத்தம் செய்யலாம். அக்டோபர் 2ஆம் நாள் சபையில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று அனைவர் முன்னும் கணக்குச் சொல்லலாம். அதற்குள் பருவமழை வாசலுக்கு வந்துவிடும். முதல் வெள்ளம் சுத்தமான ஓடையில் இறங்குமாயின், அடுத்த கோடையில் நம் கிணறுகளில் ஊறும் நீர் மாசுபடும் அச்சம் குறையும்.