புதுக்காடு என்னும் பழங்காடு

காடு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன வானளாவிய மரங்களும், பின்னிப் படர்ந்த கொடிகளும், அட்டைகள் மிகுந்த ஈரத் தரையுமே. மழைக்காடுகளை அருகிருந்து காணும் நமக்கு இவ்வெண்ணம் இயல்பானதே. ஆனால், இங்கிலாந்து நாட்டின் தென்கரையை ஒட்டி, சௌதாம்ப்டன் துறைமுகத்திற்கு மேற்கே, ஒரு விந்தையான காடு உண்டு. அதன் பரந்த பல பகுதிகளில் மரமே இல்லை. அதன் பெயர் ‘நியூ ஃபாரஸ்ட்’, அதாவது ‘புதுக்காடு’. அதன் வயதோ 900 ஆண்டுகளுக்கும் மேல்! மரமில்லா இடம் எவ்வாறு காடாயிற்று? பழைமையானது எவ்வாறு ‘புதிது’ எனப் பெயர் பெற்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடி, மாணவச் செல்வங்களே, நாம் அந்நிலத்தை ஒருமுறை சுற்றி வருவோம்.

பெயர் வந்த வரலாறு

1066ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் என்பவர் இங்கிலாந்தை வென்று அரசரானார். அவருக்கு வேட்டையில் அளவற்ற விருப்பம். ஏறத்தாழ 1079இல் இப்பகுதியைத் தம் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்டார். 1086இல் தொகுக்கப்பெற்ற ‘டூம்ஸ்டே’ என்னும் நிலக்கணக்கு நூலில் இது ‘புதிய காடு’ என்றே பதிவாயிற்று. அன்று புதியதாக இருந்த காட்டின் பெயர் இன்றும் மாறாமல் நிற்கிறது.

அக்காலத்தில் ‘ஃபாரஸ்ட்’ என்னும் சொல் மரங்கள் அடர்ந்த இடத்தைக் குறிக்கவில்லை. அரசரின் வேட்டைச் சட்டத்திற்கு உட்பட்ட நிலத்தையே குறித்தது. ஆகவே மரச்சோலை, புல்வெளி, சதுப்பு, புதர்வெளி, சிற்றூர் யாவும் ‘காடு’ ஆயின. காடும் மேய்ச்சலும் இணைந்த நிலத்தை நம் முன்னோர் ‘முல்லை’ என வழங்கினர். அச்சொல் இந்நிலத்திற்கு ஓரளவு பொருந்தும்.

வேட்டைச் சட்டம் மிகக் கொடியது. உழவர்கள் தம் பயிரை மான்களிடமிருந்து காக்க வேலியிடவும் தடை இருந்தது. அரசரின் மானைக் கொன்றவருக்கு உயிரையோ உறுப்பையோ இழக்கும் தண்டனையும் உண்டு. அதே காட்டில், 1100ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், வில்லியத்தின் மகனும் அரசருமான வில்லியம் ரூஃபஸ், வேட்டையின்போது அம்பு பாய்ந்து இறந்தார். அது விபத்தா, சூழ்ச்சியா என்பது இன்றுவரை துலங்காத புதிர். அவர் வீழ்ந்த இடம் எனச் சொல்லப்படும் இடத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

1217இல் ‘காட்டுச் சாசனம்’ என்னும் ஆவணம் வெளியாயிற்று. மானைக் கொன்ற குற்றத்திற்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழத்தல் கூடாது என்று அது விதித்தது. காட்டை நம்பி வாழ்ந்த எளிய மக்களின் மேய்ச்சல் உரிமை முதலியவற்றையும் அது ஏற்றுக்கொண்டது.

மரமில்லா வெளி

இனி முதல் வினாவிற்கு வருவோம். புதர்வெளியை ஆங்கிலேயர் ‘ஹீத்’ என்பர். இதன் மண் மணலும் சரளையும் கலந்தது, புளிப்புத் தன்மை கொண்டது, சத்துக் குறைந்தது. பல தலைமுறைகளுக்கு முன்னரே மனிதர் இங்கிருந்த மரங்களை வெட்டிக் கால்நடைகளை மேய்த்தனர். மர நிழலை இழந்த மண்ணின் சத்தை மழைநீர் மேலும் கரைத்துக்கொண்டு சென்றது. அத்தகைய மண்ணில் ‘ஹெதர்’ என்னும் குறுஞ்செடியும், ‘கோர்ஸ்’ என்னும் முட்புதரும் செழித்தன. ஆகஸ்ட்டுத் திங்களில் ஹெதர் பூக்கும்போது வெளியெங்கும் ஊதாக் கம்பளம் விரித்தாற்போல் காணப்படும். கோர்ஸ் புதர்களோ பொன்னிறப் பூக்களைச் சொரியும்.

இவ்வெளியை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? பிர்ச், பைன் முதலிய மரங்களின் விதைகள் காற்றில் பறந்து வந்து முளைக்கும். சில பத்தாண்டுகளில் வெளி மறைந்து மரக்காடாகிவிடும். அதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, இளங்கன்றுகளைக் கடித்துத் தின்னும் குதிரைகளும் மாடுகளும். மற்றொன்று, குளிர்காலத்தில் பகுதி பகுதியாக, கட்டுக்குள் வைத்து இடப்படும் தீ. இயற்கையின் கொடை என்று நாம் எண்ணும் இவ்வழகு, மனித உழைப்பும் கால்நடைகளின் வாயும் சேர்ந்து காத்த அழகாகும்.

உரிமை மக்கள்

இக்காட்டில் ஆயிரக்கணக்கான மட்டக் குதிரைகள் வேலியின்றி உலவுகின்றன. காண்போர் அவற்றைக் காட்டுக் குதிரைகள் என்று எண்ணுவர். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. இப்பகுதியிலுள்ள குறிப்பிட்ட வீடுகளுக்கும் நிலங்களுக்கும் பண்டுதொட்டு மேய்ச்சல் உரிமை இணைந்து வருகிறது. அவ்வுரிமை உடையோர் குதிரை, மாடு, கழுதை ஆகியவற்றைக் காட்டில் மேய விடலாம். தோட்டப்புறத்தில் பசு வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர்களுக்கு, ஒரு பிடி மேய்ச்சல் நிலம் ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு பெரிய துணை என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இலையுதிர் காலத்தில் பன்றிகளையும் காட்டுக்குள் விடுவர். ஓக் மரத்திலிருந்து உதிரும் கொட்டைகள் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சாகும்; பன்றிகளுக்கோ நல்ல உணவு. பன்றிகள் அவற்றைத் தின்று தீர்ப்பதால் ஏனைய கால்நடைகள் பிழைக்கின்றன. ஒன்றன் இரை மற்றொன்றுக்குக் காவலாவதைப் பாருங்கள்!

இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்ய ‘வெர்டரர்’ எனப்படும் பதின்மர் கொண்ட மன்றம் லிண்ட்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் கூடுகிறது. அவர்களுள் ஐவரை உரிமை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். பொதுமக்கள் எவரும் அம்மன்றத்தில் எழுந்து தம் முறையீட்டைக் கூறலாம். மன்றத்தின் பணியாளர்களான ‘அஜிஸ்டர்கள்’ குதிரை ஏறிச் சென்று கால்நடைகளைக் கண்காணிப்பர். மேய்ச்சல் கட்டணம் செலுத்தப்பட்ட குதிரையின் வால்மயிரை ஒரு வடிவில் கத்தரித்து அடையாளம் இடுவர்.

பார்வையற்றவர் காத்த மரங்கள்

இக்காட்டின் ஓக் மரங்கள் போர்க்கப்பல்கள் கட்டப் பயன்பட்டன. பக்லர்ஸ் ஹார்ட் என்னும் ஆற்றங்கரை ஊரில் 1781இல் நீரில் இறக்கப்பட்ட ‘அகமெம்னான்’ என்னும் கப்பல், பின்னர் 1805இல் டிரபால்கர் கடற்போரிலும் பங்கு கொண்டது. மரத்தின் தேவை பெருகவே, அரசின் பார்வை மேய்ச்சல் நிலத்தின்மேல் விழுந்தது.

1851இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மான்களை அகற்றிவிடுவதாகவும், அதற்கு ஈடாக 10,000 ஏக்கர் நிலத்தை அடைத்து மரம் வளர்க்கும் உரிமையை அரசு பெறுவதாகவும் அது கூறிற்று. வேலிகள் எழுந்தன. முதிர்ந்த மரங்கள் வீழ்ந்தன. நல்ல மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க, சிற்றுழவர்களின் வாழ்வும் சுருங்கியது. அவர்கள் வாளாவிருக்கவில்லை, ஒன்றுகூடி எதிர்ப்புக் குரல் எழுப்பினர். காட்டின் அழகைப் போற்றிய நகர மக்களும் அவர்களோடு சேர்ந்தனர்.

நாடாளுமன்றத்தில் அவர்களுக்காக வாதாடியவர்களுள் ஒருவர் ஹென்றி ஃபாசெட். 25ஆம் வயதில் துப்பாக்கி விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்தவர். பின்னர் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியராக உயர்ந்தவர். இந்தியாவின் வரிப்பணம் வீணாவதைத் தட்டிக் கேட்டதால் ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என்று அழைக்கப்பட்டவரும் அவரே. புதிய சட்டம் வரும்வரை இக்காட்டின் பழமரங்களை வெட்டலாகாது என 1871இல் அவர் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. தம் கண்ணால் காணவியலாத மரங்களைப் பிறர் கண்டு மகிழ வேண்டும் என்பதற்காக அப்பெருமகனார் போராடினார்! 1877இல் வந்த சட்டம் மேலும் நிலத்தை அடைப்பதைத் தடுத்தது. வெர்டரர் மன்றத்தை உரிமை மக்களின் காவலாக மாற்றியமைத்தது. 2005இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நடையும் மிதிவண்டியும்

இலண்டனிலிருந்து இரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் நிலையத்தை அடையலாம். அங்கே மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும். மிதிவண்டிக்கென 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதைகள் உள்ளன. சந்திப்புகளில் எண்ணிட்ட கம்பங்கள் வழிகாட்டும். 1964இல் மூடப்பட்ட பழைய இரயில் தடமொன்றும் இன்று மிதிவண்டிப் பாதையாக விளங்குகிறது. நடப்பவர்களோ திறந்த வெளியெங்கும் செல்லலாம். ஏறத்தாழ 500 ஆண்டுகள் கண்ட ‘நைட்வுட் ஓக்’ என்னும் பெருமரத்தைக் காண விரும்புவோர் பலர்.

நடப்பவருக்கு உள்ள உரிமை மிதிவண்டி ஓட்டுபவருக்கு ஏன் இல்லை? புதர்வெளியில் தரையிலேயே கூடு கட்டும் பறவைகள் உள்ளன. சதுப்பு நிலமும் சக்கரத்தால் எளிதில் சிதைந்துவிடும். ஆகவே சக்கரங்கள் குறித்த பாதையை விட்டு விலகலாகாது. பறவைகள் குஞ்சு பொரிக்கும் இளவேனிற் காலத்தில் நடப்பவர்களும் பாதையை விட்டகலாதிருக்குமாறு வேண்டப்படுகின்றனர்.

குதிரைகளுக்கு உணவு கொடுப்பதும் தவறாகும். இரக்கத்தால் கொடுக்கும் ஒரு ரொட்டித் துண்டு, குதிரையைச் சாலையோரத்திற்குப் பழக்கிவிடும். வேலியற்ற சாலைகளில் மணிக்கு 40 மைல் வேகமே உச்ச வரம்பு. எனினும் ஆண்டுதோறும் பல கால்நடைகள் வண்டிகளில் அடிபட்டு இறக்கின்றன. 2023இல் உணவளிப்பதையும் தீ மூட்டுவதையும் தடுக்கும் ஆணைகளும் பிறப்பிக்கப்பட்டன. அன்பும் அறிவோடு கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

நாம் கொள்ள வேண்டிய கருத்து

ஓர் அரசரின் பொழுதுபோக்கிற்காகப் பறிக்கப்பட்ட நிலம், இன்று எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இம்மாற்றம் தானாக வரவில்லை. தம் உரிமையை அறிந்து, அதை எழுத்தில் பெற்று, பறிபோகும் வேளையில் ஒன்றுபட்டு நின்றவர்களால் வந்தது. பொதுநிலம் என்பது எவருக்கும் உரிமையற்ற நிலமன்று; எல்லாரும் பொறுப்பேற்க வேண்டிய நிலம். நம் ஊர்த் திடலும், ஆற்றங்கரையும், பள்ளி வளாகமும் அத்தகையனவே. அவற்றைக் காப்போம், அடுத்து வருவோர்க்கு அழியாமல் அளிப்போம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. மரமில்லாத வெளியையும் ‘காடு’ என அழைத்தது ஏன்?
2. மேய்ச்சல் நின்றுவிட்டால் புதர்வெளிக்கு என்ன நேரும்?
3. பன்றிகள் குதிரைகளைக் காப்பது எவ்வாறு?
4. 1851, 1877 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களை ஒப்பிடுக.
5. உங்கள் வட்டாரத்திலுள்ள பொது இடம் ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.